மூன்று டாலர் தட்டு

வின்னிபெக்கில் ஜனவரி மாதம்
எல்லாமே குளிர்ந்துதான் கிடக்கும்.
அதனால் முதல் சோதனை தோற்றது.

நல்ல முத்து தொட்டதும் சில்லென்றிருக்கும்,
மெல்ல மெல்ல உடம்புச் சூட்டுக்கு வரும் என்பார்கள்.
கோட்டுப் பையில், பேருந்தில் வந்த இரண்டு மாலைகளும்
வீட்டுச் சாவியும்
என் இரு காதும்
ஒரே சில்.

திருடவில்லை. ஓர் இரவுக்குக் கொண்டுவந்தேன்.
எலிஸ் அவெனியூ பழைய பொருள் கடையில்
நகைத் தட்டு என் பொறுப்பு.
பாசி, கண்ணாடி மணி, யாரோ கழற்றிப்போட்ட கல்யாணம்,
எது வந்தாலும் மூன்று டாலர்.
வாயில் வைத்துப் பார்த்ததை ஒருமுறை டெனிஸ் கண்டுவிட்டாள்:
"சுகாதாரம், ஜெயகௌரி, சுகாதாரம்!"

ஆகவே சமையலறை. வெள்ளைத் துவாய். குழல்விளக்கு.

குகதாசன் லாட்டரி எண் பார்க்கும் பூதக்கண்ணாடியால்
துளைகளைப் பார்த்தேன்.
ஒன்றில் துளையைச் சுற்றிப் பூச்சு உரிந்து
மலிவு நகப்பூச்சுப் போல விளிம்பு கட்டியிருந்தது.
மற்றதில் துளை ஊசிமுனைக்கு மட்டும்,
மணிக்கு மணி ஒரு முடிச்சு.
நூல் அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் உருளக் கூடாதென்று
யாரோ ஒருத்தி பொறுமையாய் இட்டது.

"கொளுத்திப் பாருமன், பிளாஸ்டிக் எண்டா மணக்கும்,"
என்றார் அவர், லொறிச் சாவியைத் தேடியபடி.
கொளுத்தினால் உண்மையும்தான் கருகும்.
வினாகிரியா?
அது பொய்யை விட்டுவிட்டு
மெய்யைத்தான் தின்னும்.

கடைசியில் பல்.
மெய் முத்து பல்லில் நறநறக்கும், நுண்மணல் போல.
போலி வழுக்கும்.
சொல்வது சுலபம்.
என் மேல்வரிசை முன்பல் இரண்டும்
போன வருடம் பேருந்துத் தரிப்பிடத்துப் பனிக்கட்டியில் போயின.
இப்போதிருப்பவை பீங்கான்.
நரம்பில்லை,
எதை உரசினாலும் வாய் திறக்காது.
பல்லையெல்லாம் முத்தென்று பாடிய மொழியில் பிறந்து
முத்தை உரச ஒரு சொந்தப் பல் தேடி
வாயின் ஓரத்துக்குப் போனேன்.

முதல் மாலை சறுக்கியது, சவர்க்காரம் போல.
இரண்டாவது
நற.
காதில் இல்லை, எலும்பில் கேட்டது.
அம்மை கண்டால் முத்துப் போட்டிருக்கு என்கிறோமே,
சிப்பிக்கும் அதுதான். ஓர் உறுத்தல்,
ஆறாத அதன்மேல் தோல், தோலின் மேல் தோல்.
ஐம்பத்தாறு காய்ச்சல்களை நூலில் கோத்தபடி
கையில் வைத்திருந்தேன்.

காலையில் இரண்டையும் தட்டில் போட்டேன்.
விலைச்சீட்டை மாற்றவில்லை.
டெனிஸிடம் சொன்னால்
எப்படிக் கண்டுபிடித்தாய் என்பாளே.

பதினொரு மணிக்கு ஒருத்தி வந்தாள்,
சப்பாத்தில் வெள்ளை உப்புக்கறை.
வெள்ளிக்கிழமை கல்யாணமாம். வீட்டு வரவேற்பறையில்தான்,
சாட்சிக்கு இரண்டு பேர், ஒரு கேக்.
இரண்டு மாலையையும் மாற்றி மாற்றிக் கழுத்தில் வைத்தாள்.
"இது கோணல். ஒன்று மஞ்சள், ஒன்று ரோசா,
ஒன்றுக்கொன்று சேரவில்லை," என்று
நறநறத்ததைக் கீழே வைத்தாள்.
"இதைப் பாருங்கள், எல்லாம் ஒரே அளவு!"

சொல்ல வாயெடுத்தேன்.
அவளோ கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
இதுவரை யாரும் அவளுக்கு
எதையும் சரியாய் அளந்து தராதது போல.
சில்லறையாய் எண்ணித் தந்தாள்.
அழகாயிருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.
சிரித்தேன், முன்பல் இரண்டும் தெரிய.
"உங்களுக்கு என்ன வடிவான பல்!" என்றாள் போகும்போது.

மற்றது இன்னும் தட்டில்தான் கிடக்கிறது.
ஊழியர் வாங்குவதென்றால்
பொருள் மூன்று நாள் வெளியே இருந்திருக்க வேண்டும்,
அது கடை விதி.
இன்று இரண்டாம் நாள்.
கதவு திறக்கும் மணி அடிக்கும் போதெல்லாம்
திரும்பிப் பார்க்கிறேன்.